இலையை மடித்தது நான்தான்

தொண்ணூறுகளில் ஒரு ஜனவரி. ஸ்வீடனிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் விடுமுறைக்கு கோயமுத்தூரில் எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். அதற்கு முந்தைய வருடம் என் வீட்டுக்காரர் பம்பு கம்பெனி வேலையாக அவர்கள் ஊரில் சில மாதம் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரைக் கூட்டிப்போய் ஊர் சுற்றிக் காட்டி, தங்கள் வீட்டு மேஜையில் உட்காரவைத்துச் சோறு போட்டவர்கள் இவர்கள்தான். காரமில்லாமல் தவித்த மனுஷனுக்காகக் கடை கடையாய் ஏறி மிளகாய்ப்பொடி வேறு தேடியிருக்கிறார்கள். அத்தனைக்கும் ஒரே வாரத்தில் பதில் செய்துவிட வேண்டும் என்று இவர் பறந்தார். பறந்தது இவர், சமைத்தது நான்.

பேரூர் போனோம். மருதமலை ஏறினோம். உக்கடம் குளக்கரையில் நின்று கரும்புச்சாறு குடித்தோம். சிறுவாணித் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தபோது, எங்கள் ஊர்த் தண்ணீர் மாதிரியே இருக்கிறது என்று அந்த ஸ்வீடன்காரர் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆனால் அந்த மனிதர் கடல் தாண்டி வந்தது வேறொன்றுக்காக. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகிற மலை ரயில். அவருடைய அப்பா நீராவி எஞ்சின் ஓட்டியவராம். சிறுவயதில் அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவாராம். இரண்டு பேரும் எஞ்சினிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். இப்போது அப்பாவும் இல்லை, அந்த ஊரில் அந்த எஞ்சின்களும் ஓடுவதில்லை. "அந்தப் புகையை இன்னும் ஒரு தடவை முகர்ந்து பார்க்க வேண்டும்" என்றார். நான்கு பேருக்கும் டிக்கெட் எடுத்தோம். காலையில் கிளம்பும் ஒரே வண்டி. மறுநாள் அவர்களுக்கு விமானம். குன்னூருக்கு மேல் டீசல் எஞ்சின் என்பதால் கார் பிடித்துக் குன்னூரில் போய் ஏறிக்கொள்ளவும் வழியில்லை. விட்டால் விட்டதுதான்.

இந்த லட்சணத்தில் என் வீட்டுக்காரர் தன் அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். அக்கா இருப்பது காரமடையில், போகிற வழியில். "எம்பட வாசலத் தாண்டித்தானப்பா போறீங்க? ஒரு வாய் காப்பி குடிச்சுபோட்டுப் போங்க" என்று அவரும் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒரு வாய் காப்பி என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது?

டிரைவரோடு அமர்த்திய வாடகைக் காரில் போய் இறங்கினால் கூடத்தில் பாய் விரித்து, வாழையிலை போட்டுத் தயாராக இருக்கிறது. இடியாப்பம் மாதிரி சந்தகை, அதற்குத் தேங்காய்ப்பால், நாட்டுக்கோழிக் குழம்பு, பணியாரம், கச்சாயம். எப்போது எழுந்து சந்தகை பிழிந்தாரோ, நங்கையாவின் கையெல்லாம் சிவந்து கிடந்தது. அக்காவை நான் நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். "நீங்களும் ஒரு நாளைக்கு அந்த ரயில்ல வரலாமுல்லங்க" என்றேன். "மேட்டுப்பாளையம் இந்தா இருக்குது. இன்னை வரைக்கும் ஏறுனதில்ல. நான் போயிட்டா ஊட்ல அடுப்ப யாரு பாக்கறது?" என்று சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்தார். எனக்கும் ஒரு கரண்டியைக் கொடுத்துப் பரிமாற விட்டார்.

அங்கேதான் வம்பு ஆரம்பம். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர் எங்கள் விருந்தாளி. விருந்தாளியின் இலை காலியாகக் கிடந்தால் குடிமுழுகிப் போயிற்று என்று வளர்க்கப்பட்டவர் நங்கையா. அவர் வழித்துச் சாப்பிட்டார். இவர் அள்ளி வைத்தார். சீக்கிரம் முடித்தால் கிளம்பலாம் என்று அவர் வேகத்தைக் கூட்ட, பாவம், நல்ல பசி என்று நங்கையாவும் வேகத்தைக் கூட்டினார். போதாக்குறைக்கு, "நல்லாருக்குங்க" என்று ஒரே ஒரு வார்த்தையை என் வீட்டுக்காரர் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு தடவை அதைச் சொன்னதற்கும் இரண்டு பணியாரம் விழுந்தது. அவர் மனைவி கெட்டிக்காரி, இலையில் கொஞ்சம் மிச்சம் வைத்துத் தப்பித்துக்கொண்டாள்.

நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். விருந்தாளி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை. என் வீட்டுக்காரருக்கு நான் கண்ணைக் காட்டினேன். அவர் இலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அக்காவிடம் வாய் திறக்க அவருக்கு எந்தக் காலத்தில் தைரியம் இருந்தது?

எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்தேன், விருந்தாளியின் இலையைப் பிடித்தேன், மடித்துவிட்டேன்.

நங்கையாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "நேரமாச்சுங்க நங்கையா" என்றேன். அவர் கரண்டியோடு உள்ளே போய்விட்டார். தொலைந்தேன், இனி இந்த வீட்டு வாசலை மிதித்தமாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு எல்லோரையும் காரில் அடைத்தேன். கார் கிளம்பும்போது ஒரு பெரிய தூக்குப்போசியோடு நங்கையா ஓடிவந்தார். "எம்பட விருந்தாளி அரை வயித்தோட போறதா? ரயில்லயாச்சும் சாப்புடட்டும். நான் ஏத்திவுட்டுபோட்டு வாரேன்" என்று பின்சீட்டில் என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். போசியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் தண்டவாளம் காலியாகக் கிடந்தது. புகை மட்டும் இன்னும் கலையவில்லை. விருந்தாளி அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பரவாயில்லை, பரவாயில்லை என்றார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு இவரு இப்படி நிக்கறாரு?" என்றார் நங்கையா. அப்போதுதான் என் வீட்டுக்காரர் அந்த அப்பா கதையைச் சொன்னார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" நங்கையா போட்ட சத்தத்தில் போர்ட்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அடுத்த டேசன் கல்லாத்துல ரயிலு தண்ணி புடிக்க நிக்கும். எங்க சம்பந்தி தோப்பு அங்கதான், நான் பாத்திருக்கறேன். வண்டிய எடு கண்ணு, வெசயா, சீக்கிரம்!"

டிரைவர் எடுத்தார் பாருங்கள் ஓர் எடுப்பு! பவானிப் பாலம் தாண்டியதே தெரியவில்லை. பாக்குத்தோப்புகளுக்கு நடுவே கார் பறந்தது. எங்கேயோ ஊதல் கேட்டது. விருந்தாளி சீட்டின் நுனிக்கே வந்துவிட்டார். நானும் நங்கையாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தோம். எப்போது பிடித்தோம் என்று தெரியாது.

கல்லாறு ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. ஆனால் கார்டு பச்சைக்கொடியைக் கையில் எடுத்துவிட்டார். சாப்பிட்ட சாப்பாட்டுக்கு விருந்தாளியால் ஓட முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு, போசி ஆட ஆட, நங்கையா கார்டிடம் ஓடினார்.

"ஏனுங்க! பச்சத்தண்ணியாச்சும் பல்லுல பட்டுதுங்களா?"

"நேரமாச்சுங்கம்மா."

"அதுக்காக வெறும் வயித்தோட மலை ஏறுவீங்களா? ஒரே ஒரு பணியாரமுங்க."

அந்த மனுஷனும் நம்ம ஊர்க்காரர்தானே, எப்படி மாட்டேன் என்பார்? கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினார். அவர் மென்று முடிப்பதற்குள் விருந்தாளியையும் மனைவியையும் பெட்டிக்குள் தள்ளி, என் வீட்டுக்காரரையும் தள்ளிவிட்டேன். நங்கையா போசியை என் கையில் திணித்தார். "இரு, அந்தப் புள்ள சரியாச் சாப்புடல" என்று ஒரு வட்டலில் பணியாரத்தை அள்ளிக்கொண்டு விருந்தாளியின் மனைவிக்குக் கொடுக்க உள்ளே ஏறினார். ரயில் ஊதியது. ஒரு குலுக்கல். நகர்ந்துவிட்டது.

"ஐயோ, நான் எறங்கோணுமே!"

"எறங்காதீங்க நங்கையா!" என்று கத்தினேன். "எம்பட டிக்கெட்டுல நீங்க போங்க! அடுப்ப நான் பாத்துக்கறனுங்க!"

பெட்டிகள் என்னைக் கடந்தன. அந்த ரயிலில் எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும். விருந்தாளி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, பின்னால் வரும் எஞ்சினைப் பார்த்து மூச்சை இழுத்து இழுத்துவிட்டார். முகமெல்லாம் கரி. சிரித்தாரா அழுதாரா, எனக்குத் தெரியவில்லை. பக்கத்து ஜன்னலில் நங்கையாவின் தலை.

"அம்மணி! நீ இன்னும் ஒண்ணுமே சாப்புடல! போசிக்கு அடியில பாரு!"

எஞ்சின் அனல் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டி மேலே ஏறிப் போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து போசியைக் கிளறினேன். அடியில் ஒரு சின்ன வாழையிலைப் பொட்டலம். பிரித்தால் ஒப்புட்டு, எங்கள் பக்கத்துப் போளி, நெய் விட்டு. எனக்குப் பிடிக்கும் என்று கூடத்தில் யாருக்கும் போடாமல் எடுத்துவைத்தது. நான் இலையை மடித்த பிறகு உள்ளே போய்க் கட்டியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதியைப் பிய்த்து டிரைவரிடம் நீட்டினேன். "வேண்டாமுங்க, நீங்க சாப்புடுங்க" என்றார்.

நான் விடவில்லை.