"குருத்து நல்லா இருக்கும்மா"

என் மகளுக்கு முதல் பிரசவம் எட்டாம் மாதத்திலேயே ஆகிவிட்டது. பிரஷர் ஏறி, கை கால் இழுத்து வலிப்பு வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு சத்தம்கூடப் போடவில்லை. மகளையாவது விட்டுவைத்தாளே என்று எங்கள் ஊர் மாரியம்மனை அன்று கும்பிட்டேன்.

எங்கள் பக்கம் குழந்தையோடு வரும் நஞ்சுக்கொடியைக் குப்பையில் போட மாட்டோம். மஞ்சள் துணியில் சுற்றி, நாய் தோண்டாத ஆழத்தில் புதைப்போம். குழந்தை தங்கவில்லையென்றால் இரண்டுக்கும் ஒரே குழிதான்.

அன்று வராந்தாவில் ஒரு சின்னப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும் வைத்தியம் பார்ப்பவள் இல்லை, பெங்களூரிலிருந்து வந்து போகிற ஆராய்ச்சி டாக்டர். வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கு ஏன் இப்படிப் பிரஷர் ஏறுகிறது என்று பார்க்க அந்தக் கொடி வேண்டுமாம். என் மகள் என்னைக் கேட்கச் சொன்னாளாம்.

"அதுல ஸ்டெம் செல்லுன்னு ஒண்ணு இருக்கும்மா. தமிழ்ல குருத்தணுன்னு சொல்வாங்க. குருத்து மாதிரி. அதை வளர்த்துப் பாத்துத்தான் மருந்து கண்டுபிடிக்கணும்."

குருத்து என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. தென்னையில் வண்டு விழுந்தாலும் குருத்து தப்பினால் மரம் தப்பிவிடும். என் பேத்தியிடம் அப்படி ஒன்று மிச்சம் இருக்கிறது, இவள் அதை வளர்ப்பாள், என் மகளுக்கு அதிலிருந்து மருந்து வரும் என்று எடுத்துக்கொண்டேன். "எடுத்துக்க கண்ணு" என்றேன். குழந்தையைத் தனியாகப் புதைத்தோம்.

ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று அவளுக்குப் போன் செய்தேன்.

"கண்ணு, குருத்து எப்படி இருக்குது?"

"நல்லா இருக்கும்மா" என்றாள். பொங்கலுக்குக் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

என் நாத்தனார் வாய் சும்மா இருக்காது. "என்ன அண்ணி, பெங்களூர்ல பேத்தி எவ்ளோ ஒசரம் வளந்துட்டா? காது குத்துக்கு எங்களையும் கூப்புடுவீங்களா?" என்பாள். "போடி அந்தாண்ட" என்று விரட்டுவேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றினால் அந்தக் குருத்துக்கும், அதை வளர்க்கிற பெண்ணுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்வேன்.

மகள் மறுபடி உண்டானாள். மருந்து கேட்டு, அந்தப் பெங்களூர்ப் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த நாளாகப் பார்த்துப் போனோம். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து நன்றாகத்தான் விசாரித்தாள். பெரிய டாக்டரிடம் காட்டச் சொன்னாள், தவறாமல் பிரஷர் பார்க்கச் சொன்னாள்.

"அது சரி கண்ணு. நம்ம குருத்துல செஞ்ச மருந்து?"

அவள் முகம் வெளுத்துப்போனது.

"அது வளரவே இல்லைம்மா. கொஞ்ச நாள்லயே செத்துப்போச்சு. மிச்சத்தை ஆஸ்பத்திரிக் கழிவோட எரிச்சுட்டாங்க."

"நல்லா இருக்குதுன்னியே?"

"நீங்க பேத்தியக் கேக்கற மாதிரியே கேட்டீங்க. எனக்குச் சொல்ல வாய் வரலை. வளந்திருந்தாலும் உங்க பொண்ணுக்கு மருந்தா வந்திருக்காதும்மா. அதுக்கெல்லாம் பல வருசம் ஆகும்."

பச்சைக் குழந்தையை எரிக்கிற வழக்கமே எங்களிடம் இல்லை. செத்துப்போச்சு என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் சூடம் கொளுத்தி, அழுது தீர்த்திருப்பேன். இல்லாத ஒன்றுக்கு ஆயுசு கேட்டு இத்தனை வெள்ளிக்கிழமை நின்றிருக்கிறேன். சாமிக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

பெரிய டாக்டர் எழுதிய மாத்திரையில் பிரஷர் அடங்கியே இருந்தது. கார்த்திகையில் பையன் பிறந்தான். வராந்தா வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதான். நர்ஸ் கொடியைக் கவரில் போட்டுக் கொண்டுவந்தபோது பின்னாலேயே அந்தப் பெங்களூர்ப் பெண்ணும் வந்து நின்றாள்.

"இதுல ஒரு சின்னத் துண்டு குடுத்தீங்கன்னா போதும்மா. இந்தத் தடவை எதையும் மறைக்க மாட்டேன். உங்க பொண்ணு உங்க இஷ்டம்ன்னுட்டா."

"வேண்டாங்க" என்றேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "என்னம்மா, என்னைப் போயி வாங்க போங்கன்னு..."

"நீங்க டாக்டருங்க" என்று சொல்லிவிட்டு, நர்ஸ் கையிலிருந்து கவரை வாங்கிக்கொண்டேன்.