பின்பக்கத்து இடது ஸ்பீக்கர்

சங்கரன்கோவிலில் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் எனக்கு ஒரு மருந்துக்கடை உண்டு. படுக்கையில் கிடப்பவர்களுக்கு வேண்டிய சாமான்கள் வாங்க வருகிறவர்களைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும். அவர்கள் நின்று பேச மாட்டார்கள். வீட்டில் ஒருவரைத் தனியாக விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அந்த அக்காவும் அப்படித்தான். டயப்பர், படுக்கைப் புண்ணுக்குக் களிம்பு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. பையை வாங்கிக்கொண்டு வெயிலில் விறுவிறுவென்று நடந்து போய்விடுவார்.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்து ஊரில் கூட்டம் வடிந்திருந்த ஒரு நாள், பையை வாங்கிய பிறகும் அவர் நின்றார்.

“தம்பி, நீங்க பழைய ரேடியோ, ரிக்கார்டு எல்லாம் சேக்கியளாமே.”

“ஆமாக்கா. கொஞ்சம் கெடக்கு.”

“எங்க வீட்ல ஒண்ணு கெடக்கு. நாலு மூலைக்கும் பொட்டி வச்சுப் பாடுமே, அது. எடத்தை அடச்சிக்கிட்டு நிக்கி. வந்து பாருங்க, வேணும்னா எடுத்துக்கிடுங்க.”

ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த அந்த ரிசீவர் அவர் வீட்டில் இருப்பது எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். அவர் வீட்டுக்காரர் தறி மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுப்பவர். வாலிபத்தில் தூத்துக்குடியில் ஒரு கப்பல்காரரிடம் அதை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம். குவாட்ராபோனிக் என்பார்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு ஸ்பீக்கர்கள். நடுவில் உட்கார்ந்தால் பாட்டு நம்மைச் சுற்றி நிற்கும். எழுபதுகளில் கொஞ்ச காலம் வந்தது. கம்பெனிக்கு ஒரு முறையாக ரிக்கார்டு போட்டு, ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் அந்த வகையே அழிந்துபோனது. படத்தில் மட்டுமே நான் பார்த்திருந்தேன். ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமா என்று அந்த அண்ணாச்சியிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. யாரையும் அதைத் தொட விடமாட்டார் என்று சொல்வார்கள். அவருக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டதும் எனக்குத் தெரியும். மாத்திரைச் சீட்டில் இருப்பது அவர் பெயர்தானே.

“ஞாயித்துக்கெழமை வாரேன்க்கா” என்றேன். அன்றைக்கு அந்தத் தெருவில் தறி ஓடாது. மற்ற நாளில் போனால் தறிச் சத்தத்தில் எந்த ஸ்பீக்கர் பாடுகிறது, எது பாடவில்லை என்று காதுக்குப் பிடிபடாது.

போனபோது அவர்களுடைய மகனும் இருந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். முன்னறையில் நான்கு மூலையிலும் இடுப்பு உயரத்துக்கு நான்கு பெட்டிகள். எதிர்ச் சுவரை ஒட்டிய மேஜையில் ரிசீவரும் ரிக்கார்டு பிளேயரும். ரிசீவருக்கு அகலமான முகம், நான்கு மீட்டர்கள், வலது ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. அதை எந்தப் பக்கம் சாய்த்தாலும் சத்தம் அந்த மூலைக்குப் போகும். அறையின் நடுவில், முன்பு அவர் உட்கார்ந்து கேட்கிற நாற்காலி கிடந்த இடத்தில், ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி அண்ணாச்சி படுத்திருந்தார். ரிசீவரைப் பார்க்கிற மாதிரிதான் கட்டிலைப் போட்டிருந்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. முகம் சுவர்ப்பக்கம் திரும்பி, கண் மூடியிருந்தது. வலது கை போர்வைக்கு மேல் செத்துக் கிடந்தது. தாடையெலும்பு தெரிந்தது.

நான் குரலைத் தாழ்த்திப் பேசினேன். மகன், “சத்தமாவே பேசுங்கண்ணாச்சி. அவுகளுக்கு ஒண்ணும் வெளங்காது” என்றான்.

“டாக்டர் சொன்னாரா?”

“மொதல்லயே சொல்லிட்டாரு. பேச்சும் வராது, நாம சொல்லுததும் பிடிபடாதுன்னு. ஆரம்பத்துல ஒரு வாரம் ‘தெரியுதாப்பா, தெரியுதாப்பா’ன்னு கேட்டுப் பாத்தோம். கண்ணையே தொறக்கல.”

பிறகு விவரம் சொன்னான். வீட்டை வாடகைக்கு விடப்போகிறார்கள். அம்மா திருப்பூருக்கு. அப்பாவைத் திருநெல்வேலிப் பக்கம் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு ஹோமில் விட ஏற்பாடு. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் இதைச் சொன்னான்.

அக்கா காப்பி கொண்டுவந்தார். “ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு தம்பி. கழுவி, தொடச்சி, கஞ்சி ஊத்தி, பொரட்டிப் போட்டு... என் இடுப்பு போச்சு. இப்படிக் கெடந்து இழுக்கதுக்கு அன்னைக்கே போயிருந்தா அவுகளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.” கோபமில்லாமல், அரிசி விலை ஏறியதைச் சொல்வது போலத்தான் சொன்னார். எத்தனையோ வீடுகளில் நான் கேட்ட பேச்சுதான். கேட்டுக்கொண்டு காப்பியைக் குடித்தேன்.

மேஜைக்கு அடியில் அண்ணாச்சி தன் கையால் கட்டிய டிரான்ஸ்பார்மர் இருந்தது. நம் கரண்ட்டைக் குறைத்து ரிசீவருக்குக் கொடுக்கும். ஸ்விட்சைப் போட்டேன். மெல்லிய உறுமல். மீட்டர்களில் மஞ்சள் வெளிச்சம் வந்தது. அலமாரியில் ஒரு நாதஸ்வர ரிக்கார்டு கைக்கு அகப்பட்டது. தூசி தட்டி, ஊசியை வைத்தேன்.

அறை நிறைந்தது. முன்னாலிருந்து நாதஸ்வரம் வந்தது, பின்னால் வலது மூலையிலிருந்து தவிலின் அதிர்வு. பின்பக்கத்து இடது மூலை மட்டும் செத்துக் கிடந்தது. மீட்டர் ஊசி நான்கும் ஆடின. அப்படியென்றால் ரிசீவருக்குள் சத்தம் இருக்கிறது, வெளியே போகிற வழியில் எங்கோ தடை. கட்டிலைச் சுற்றிப் போய் அந்தப் பெட்டியின் பின்னால் குனிந்து ஒயரை ஆட்டிப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.

நிமிர்ந்தபோது அண்ணாச்சியின் இடது கை போர்வையிலிருந்து எழும்பி நின்றது.

முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்படிக் கிடப்பவர்களுக்குக் கை கால் தானாக இழுக்கும். ஆனால் அந்தக் கை ரிசீவர் பக்கம் நீண்டது. கட்டை விரல் மட்டும் காற்றில் எதையோ அமுக்கியது. விட்டது. மறுபடி அமுக்கியது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார், பிறகு ரிசீவரைப் பார்த்தார்.

நான் போய் முகப்பிலிருந்த பொத்தான்களில் ஒன்றில் விரலை வைத்துத் திரும்பினேன். கை பக்கவாட்டில் ஆடியது. அடுத்ததில் வைத்தேன். ஆடியது. பின் ஸ்பீக்கர்களுக்கான பொத்தானில் வைத்ததும் கை நின்றது. கட்டை விரல் மறுபடி அமுக்கியது. நானும் அமுக்கி எடுத்தேன். திரும்பத் திரும்ப அமுக்கினேன். அந்தப் பெட்டி கரகரத்தது. பொத்தானுக்குள்ளே களிம்பேறிக் கிடந்த தகடு. பிறகு சட்டென்று அந்த மூலையும் திறந்துகொண்டது.

அண்ணாச்சியின் கை போர்வையில் இறங்கியது.

மகன் கட்டிலில் முழங்காலை ஊன்றி அவர் முகத்துக்குக் கிட்டே போனான். “எப்பா. நான் பேசுதது கேக்கா? கேட்டா கையைத் தூக்குங்க.”

கை எழும்பியது.

“எம்மா, அப்பாவுக்குத் தெரியுதும்மா. எல்லாம் வெளங்குதும்மா.” அவன் அழுதுகொண்டே சிரித்தான். நான் ஊசியை எடுத்து ரிக்கார்டை நிறுத்தினேன்.

அக்கா அடுக்களை வாசலில் நின்றார். காப்பித் தம்ளர்கள் கையில் இருந்தன. முகத்தில் சந்தோஷம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

“அப்பம், அவ்வளவையும் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தாகளா?”

மகனின் சிரிப்பு நின்றது. ஹோமைப் பற்றிச் சற்று முன்னால் தான் பேசியது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். கட்டிலிலிருந்து முழங்காலை எடுத்துக்கொண்டான். அக்கா உள்ளே போனார். குழாயில் தண்ணீர் வெகுநேரம் விழுந்துகொண்டிருந்தது.

வெளியே வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். “தம்பி, இதை எடுத்துட்டுப் போயிருங்க. இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க. நீங்க ஒண்ணும் தர வேண்டாம்.”

“எம்மா, இருங்கம்மா” என்றான் மகன்.

“நீ சும்மா இரு.”

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன். “அண்ணாச்சி, இதை நான் எடுத்துக்கிடவா? வேண்டாம்னா கையைத் தூக்குங்க.” கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். கை எழும்பவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவரும் கண்ணை மூடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், நான் உள்ளே நுழைந்தபோது கிடந்த மாதிரியே. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆசை போய்விட்டது என்று சொன்னால் பொய். பைக்கில் வரும்போதே நான்கு பெட்டிகளையும் என் வீட்டில் எங்கே வைப்பது என்று மனம் கணக்குப் போட்டது. பெண்டாட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். “அந்த மனுசன் கண்ணு முன்னாலேருந்து அதைத் தூக்கிட்டு வரப் போறியளா?” என்று மட்டும் கேட்டாள். நான் அக்காவுக்குப் போன் செய்யவில்லை.

அக்கா வழக்கம்போல் கடைக்கு வந்தார். ரிசீவரைப் பற்றிப் பேசவில்லை. நானாக ஒருநாள், “அண்ணாச்சி எப்படி இருக்காக?” என்று கேட்டேன்.

“கண்ணைத் தொறந்து வச்சிருக்காக. நான் போற பக்கமெல்லாம் பாக்காக.” பையின் காதைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். “முன்னால ஏசிக்கிட்டேதான் தம்பி எல்லாம் செய்வேன். செத்துத் தொலைய மாட்டேங்கியேன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதான் கழுவுவேன். அப்படிச் சொன்னாத்தான் கை ஓடும். இப்பம் வாயைத் தொறக்கப் பயமா இருக்கு. நல்ல வார்த்தை சொன்னாலும் நடிக்கேன்னு நெனப்பாக. சத்தமே இல்லாமச் செய்யுதேன். வீட்ல பேச்சே இல்ல.”

“பேசிப் பாருங்கக்கா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஹோம் பேச்சு நின்றுவிட்டதாகப் பிறகு தெரிந்தது. மகன் அப்பாவிடமே கேட்டானாம், போகிறீர்களா என்று. போகிறேன் என்று அவர் கையைத் தூக்கினாராம். அதற்குப் பிறகு அவனால் அனுப்ப முடியவில்லை.

ஏன் அத்தனை நாள் அவர் ஒன்றுக்கும் அசையவில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முதல் வாரங்களில் நிஜமாகவே விளங்காமல் கிடந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்திருக்கலாம். தெளிந்தபோது காதில் விழுந்த பேச்சு அதுவாக இருந்திருக்கும். இது நானாக நினைத்துக்கொள்வது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார். நான் போய் மாலை போட்டேன். உடலைக் கிடத்த இடம் வேண்டும் என்று பெட்டிகளை ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகன் போன் செய்தான். “அண்ணாச்சி, கோயம்புத்தூர்லேருந்து ஒருத்தர் கேக்காரு. அம்மா உங்கட்டக் கேட்டுட்டுத்தான் குடுக்கணும்ங்காக.” நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். இவ்வளவுக்கும் பிறகு எனக்கு அது வேண்டும் என்றுதான் இருந்தது.

லோடு ஆட்டோவோடு போனேன். நான் ஒயர்களைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மகன் டிரைவருடன் பெட்டிகளை வெளியே தூக்கினான். அக்கா, கட்டில் இல்லாத அந்த அறையில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“ஒரு நாள் மத்தியானம் நானே இதைப் போட்டேன் தம்பி” என்றார். “எனக்கு எது என்னன்னு தெரியாது. அவுக கையக் காட்டிக் காட்டிச் சொன்னாக. ரேடியோ பாடுச்சு. ரெண்டு பேரும் கேட்டோம்.”

“நல்லதுக்கா.”

“பாட்டு முடிஞ்சதும் கேட்டேன். ‘நான் ஏசுனதெல்லாம் கேட்டியளா’ன்னு.”

நான் சுருட்டுவதை நிறுத்தினேன்.

“கையைத் தூக்கிட்டாக.” கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தார். “இல்லைன்னு ஒரு தடவை கையை ஆட்டியிருக்கலாம்லா. பொய்க்காவது.”

மகன் உள்ளே வந்ததும் எழுந்துபோய்விட்டார்.

ரிசீவர் இப்போது என் வீட்டு மாடியில் இருக்கிறது. நான்கு மூலையும் நன்றாகவே பாடுகிறது. சில நாள் போடுகிறேன், பல நாள் போடுவதில்லை. அக்கா திருப்பூர் போய்விட்டார். ஒருமுறை போன் வந்தது. பிரஷர் மாத்திரையின் பெயரை அங்கே கடையில் சொல்லத் தெரியவில்லை என்று கேட்டார். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். பேத்தி பக்கத்தில் எழுதிக்கொண்டாள் போலிருக்கிறது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டாச்சு என்றார். வேறு எதுவும் இரண்டு பேரும் கேட்கவில்லை.