ஆர்கன் பெட்டிக்குப் பின்னால் இருந்த தூண்

எனக்கு ஒன்பது வயதானபோது, ஒரு தேவாலயம் என்னால் இடிந்து விழப்போகிறது என்று மூன்று நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

திருச்சி ரயில்வே குடியிருப்பின் ஓரத்தில், தண்டவாளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது அந்தச் சின்ன ஆலயம். ரயில் ஓட்ட வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆங்கிலிக்கன் சபைக்காகக் கட்டிக்கொண்டது. தரைக்கு அடியில் முட்டுக் கொடுக்க மட்டும் செங்கல், மற்றதெல்லாம் மரம். வருடத்தில் கிறிஸ்துமஸுக்கு மட்டும் திறந்து மூடுவார்கள். அதைப் பார்த்துக்கொள்கிற குடும்பத்தின் பெண், தன் கல்யாணம் அங்கேதான் நடக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். கட்டடம் உறுதியாக இருப்பதாக ஓர் இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால் சம்மதம் என்றார்கள் சபையில். அந்த இன்ஜினியர் என் அம்மா. பள்ளி விடுமுறை, ஸ்ரீரங்கத்து வீட்டில் என்னை விட்டுவர ஆளில்லை. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன்.

உள்ளே நின்று நிமிர்ந்தால் கவிழ்த்த படகின் வயிற்றுக்குள் நிற்பதுபோல இருந்தது. பக்கத்துக்கு நான்கு தூண்கள். அம்மா சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். கல்யாணப் பெண் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மரங்கள் சேரும் இடங்களில் உளியால் வெட்டிய கோடுகளைக் காட்டினாள்.

“இதெல்லாம் நம்பர் பாப்பா. பர்மாத் தேக்கை வேற எங்கயோ அறுத்து, நம்பர் போட்டு, ரயில்ல கொண்டுவந்து இங்க மாட்டியிருக்காங்க. இரும்பு ஆணி ஒண்ணுகூட கிடையாது. எல்லாம் மர ஆணிதான்.”

அந்த நம்பர்களைத் தேடிக்கொண்டுதான் பழைய ஆர்கன் பெட்டிக்குப் பின்னால் நுழைந்தேன். அங்கிருந்த தூணின் அடியில் கோடு எதுவும் இல்லை. பெயின்ட் மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். அப்பளம் நொறுங்குவதுபோலச் சத்தம் கேட்டு, விரல் முழுதாக உள்ளே போய்விட்டது. இழுத்தபோது மாவாகக் கொட்டியது.

சட்டைப்பையில் இருந்த மிட்டாய்க் காகிதங்களை எல்லாம் அந்த ஓட்டையில் திணித்தேன். மாவைக் காலால் தள்ளிவிட்டேன். அம்மா அந்தத் தூணுக்கு வந்தபோது ஆர்கன் பெட்டி இடைமறித்தது. எட்டி, மேலே இரண்டு தட்டுத் தட்டினாள். நோட்டில் குறித்துக்கொண்டாள்.

“ஒண்ணும் பயமில்ல. தாராளமா நடத்துங்க” என்றாள் அந்த அக்காவிடம். அக்கா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். கட்டாயம் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்றாள்.

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. காவிரிப் பாலத்தில் ரயில் போகும் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். ஒவ்வொரு ரயிலுக்கும் அந்தத் தூண் கொஞ்சம் சாய்வதாகத் தோன்றியது. கோயிலுக்குப் போனபோது, அந்தத் தூணை மட்டும் பிடித்துக்கொள்ளும்படி பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். காலம் காலமாகப் படுத்திருப்பவர் இதற்காக எழுந்து தண்டவாளம் வரை போவாரா என்ற சந்தேகம் உடனே வந்துவிட்டது.

கல்யாணத்தன்று அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். ஆலயம் நிறைந்திருந்தது. நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவர் அந்தத் தூணிலேயே சாய்ந்திருந்தார். வாசலில் அக்கா வெள்ளைப் புடவையும் முக்காடுமாகத் தன் அப்பாவின் கையைப் பிடித்து நின்றாள். எல்லாரும் எழுந்தார்கள். அப்போது ஒரு சரக்கு ரயில் வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. காலுக்கடியில் பலகை அதிர்ந்தது.

அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். “அம்மா, அந்தத் தூணை நான் உடைச்சிட்டேன். உள்ள ஒண்ணுமே இல்லம்மா.”

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். நேராக ஆர்கன் பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். காகிதங்களை எடுத்துவிட்டுப் பேனாவை நுழைத்தாள். பேனா முழுவதும் உள்ளே போயிற்று. எழுந்தபோது அவள் முகத்தில் நிறமே இல்லை.

“எல்லாரும் மெதுவா வெளிய போங்க. ஓடாதீங்க. யாரும் தூண்ல கை வைக்காதீங்க.”

கூட்டம் வெளியே வந்ததும் பெண்ணின் அப்பா கத்தினார். “நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க?”

“ஆமாங்க, நான்தான் போட்டேன். கீழ பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்.”

அத்தனை பேருக்கு நடுவில் அதை இரண்டு முறை சொன்னாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் கல்யாணம் நடந்தது. அக்கா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு அந்தத் தூணைப் பிரித்தார்கள். அது தேக்கே அல்ல. எப்போதோ யாரோ மாற்றி வைத்த மட்டமான மரம். கீழ்ப்பாதி உள்ளே முழுக்கக் கரையான் தின்று, பெயின்ட் மட்டும் தூண் வடிவத்தில் நின்றிருக்கிறது. ஜாக்கி வைத்துக் கூரையைத் தாங்கிப் புதுத் தூண் நட்டார்கள். ஆலயம் இன்றும் இருக்கிறது. ஆனால் பழைய கட்டடம் பார்க்கச் சொல்லி அம்மாவை அதன்பின் யாரும் கூப்பிடவில்லை.

அன்று மாலை அம்மா பட்டுப்புடவையை மடித்தாள். மடிப்புச் சரியாக வராமல் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். என் மேல் அவ்வளவு கோபம் என்று நினைத்து, “இனிமே எதையும் தொட மாட்டேம்மா” என்றேன்.

“நீ தொட்டதாலதான்டி எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போனாங்க” என்றாள்.

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் அத்தனை பேர் முன்னால் எனக்காகப் பொய் சொன்னாளே என்று அவள் மேல் அன்பு பொங்கியது. அம்மா அன்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பது விளங்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று.