வாண்டல்களுக்கு இடம் பார்த்த கதை

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விளையாட முடியும். மற்ற நாளெல்லாம் திட்டம் போடுவோம். உண்மையைச் சொன்னால், திட்டம் போடுவதில்தான் எங்களுக்குக் கிறுக்கு அதிகம்.

நானும் என் தோழியும் பொன்னேரியில் காலை ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, அங்கிருந்து கம்பெனி வேனில் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்குப் போவோம். காருக்குள் போகும் ரப்பர் வளையங்களை வெளிச்சத்தில் பிடித்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் போடும் வேலை. அவள் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். என் வீடு பொன்னேரியில். என் வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பில், ரோமப் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலத்தைப் பற்றிய ஒரு விளையாட்டு உண்டு. ரோமை எடுத்து ஆடினால் நாடு, படை, பணம் எல்லாம் தயாராக இருக்கும். நாங்கள் வாண்டல்களை எடுத்தோம். மாட்டுவண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அலையும் காட்டுக் கூட்டம்.

அந்த ஆட்டத்தின் சூட்சுமம் இதுதான். அலைந்துகொண்டிருக்கும்வரை படைக்குச் சம்பளம் கிடையாது, வழியில் அகப்பட்டதைக் கொள்ளையடித்துப் பிழைக்கலாம். ஓர் ஊரைப் பிடித்துக் குடியேறினால் அந்த நொடியே எல்லாரும் சம்பளம் கேட்பார்கள். அதற்கு வயல் வேண்டும், துறைமுகம் வேண்டும், வரி கொடுக்கும் சனம் வேண்டும். எந்த மாகாணத்தில் போய் உட்காருவது? ரயிலில் நாங்கள் பேசியது முழுக்க இதுவே.

ஒரு நாள் அவள் சொன்னாள்: "வடக்கால ஒண்ணும் வெளையாதுடி. சும்மா காத்தாடுற எடம். தெக்கால கடலோரமா போயிடலாம். துறைமுகம் கீது, வயலு கீது, வருமானம் கொட்டும்."

இப்போது அது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

"பெரிய கைதான். ஆனா வெச்சுக்கினு இருக்க முடியாது. உள்ளுக்குள்ளயே சண்ட."

எதிர் இருக்கையில் இருந்தவர் கக்கத்துப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். எளாவூர்ப் பக்கம் மனை விற்கும் தரகர் அவர். தினமும் அதே பெட்டியில் வருபவர், போனில் சதுர அடிக் கணக்குச் சொல்லிக்கொண்டே இருப்பவர்.

"தங்கச்சி, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த எடம் காட்டுப்பள்ளித் துறைமுகம் பக்கமா?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. இன்னும் தெற்கே என்றாள். மறுநாள் அவர் எங்களைத் தேடி வந்து உட்கார்ந்தார். பட்டா சரியாக இருக்கிறதா, வில்லங்கம் பார்த்தாயிற்றா என்று விசாரித்தார். பட்டா எதுவும் இல்லை, ஆட்களோடு உள்ளே புகுந்து உட்கார்ந்துவிடப் போகிறோம் என்று அவள் சொன்னாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பேஜாராயிடும்மா. வேணாம்."

அவர் உண்மையாகவே பயந்துவிட்டார். அதற்கு மேல் தாங்க முடியாமல் போனில் படமெடுத்து வைத்திருந்த ஆட்டத்தின் வரைபடத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கி, கவரைப்பேட்டை தாண்டும்வரை பார்த்தார்.

"இந்த ஸ்பெயின்ல இன்னா வருது?"

அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேர்.

அந்த வார ஞாயிறே ஸ்பெயினின் தென்பகுதியைப் பிடித்துக் குடியேறினோம். வருமானம் சிவப்பில் ஓடியது. கொள்ளையடித்து வைத்திருந்த பொன் ஒவ்வொரு சுற்றிலும் கரைந்தது. ஊர்களைக் கொளுத்திவிட்டு மறுபடி வண்டி கட்டலாம் என்பது தோழியின் கட்சி. தரகர் பதறிப்போனார். கைக்கு வந்த நிலத்தை விடவே கூடாது, பொறுத்திருந்தால் ஏறும் என்று அடித்துச் சொன்னார். ஒரு வாரம் வாதம் நடந்தது. கடைசியில் அவர் பேச்சைக் கேட்டு ஊர்களை வைத்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேற்குக் கோத்துகள் என்ற இன்னொரு கூட்டம் எங்கள்மேல் படையெடுத்து வந்தது. ஊர் ஊராகப் போனது. கடைசி ஊரும் விழுந்ததும் நான் லேப்டாப்பை மூடப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள். திரையில், விழுந்த ஊரின் வாசலில், எங்கள் சனம் மொத்தமும் வண்டிகளோடு எழுந்து நின்றது. படைக்குமேல் படை. ஊர் இல்லாததால் மறுபடி அலையும் கூட்டம், ஒருவனுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. நாங்கள் போட்ட கூச்சலில் என் அம்மா கரண்டியோடு ஓடிவந்து, பாம்பு எங்கே என்று கேட்டார்.

பிறகு எதற்கும் நிற்கவில்லை. கப்பல்களை அவளே ஓட்டினாள். தண்ணீர் விஷயத்தில் என்னை மவுஸைத் தொடவே விடமாட்டாள். ஜலசந்தியைக் கடந்து, ஆப்பிரிக்கக் கரையோரமாகவே கிழக்கே போய், ரோமர்களின் துறைமுக நகரமான கார்த்தேஜ் முன்னால் இறங்கினோம். காவலுக்குப் பேருக்குத்தான் ஆட்கள் இருந்தார்கள். உள்ளே போய்க் குடியேறி, சுற்றை முடித்தேன். வருமானம் பச்சையில் வந்தது. இருவரும் கட்டிலின் மேல் ஏறிக் குதித்தோம். அம்மா திட்டிக்கொண்டே சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

திங்கட்கிழமை காலை, தரகர் உட்காருவதற்கு முன்பே ஸ்பெயினைப் பற்றித்தான் கேட்டார். போய்விட்டது என்றேன். சொந்த மனை போனதுபோல அவர் முகம் தொங்கிவிட்டது. மீதியைத் தோழி சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் எழுந்து நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பெண்கள் ஆப்பிரிக்காவில் இடம் பிடித்துவிட்டார்கள் என்று பெட்டி முழுக்க அறிவித்தார். கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, அங்கே மீன் கிடைக்குமா என்று கேட்டார்.

"அங்கயும் ஏரிதான்மா," என்றாள் தோழி. "ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல ஊரு."

அந்த அம்மா அப்படியானால் சரி என்பதுபோல் தலையாட்டினார். யாரோ கைதட்டினார்கள். என்ன ஏது என்று தெரியாமல் இன்னும் சிலரும் தட்டினார்கள். கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது எனக்கு விலா வலித்தது. வேனிலும் சிரிப்பு, வேலையிலும் சிரிப்பு. என்னவென்று கேட்ட சூப்பர்வைசரிடம், எங்களுக்கு வருமானம் வந்துவிட்டது என்று அவள் சொன்னாள். சம்பளத்தில் ஏதோ கூடிவிட்டது போலும் என்று அவர் போய் விசாரித்தார்.

கார்த்தேஜைச் சுற்றியிருந்த கோதுமை வயல்களை மனை போட்டு விற்றுவிடலாம் என்றார் தரகர், அடுத்த நாளே. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். அவர் பேச்சை மட்டும் இந்த முறை கேட்கவில்லை.