தண்ணி முறைக்குப் பூட்டு

அன்றைக்குப் பிள்ளைக் காம்பராவில் இருந்தவர்கள் இவர்கள். தண்ணிச் சங்கத் தலைவர். சங்கத்துச் செயலாளர் அக்கா. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே வந்தவர், தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை. நான்காம் லயத்திலிருந்து ஒரு தங்கச்சி, முறைப்பாடு அவளுடையது. லெப்டொப்போடு ஒரு பிள்ளை. பிள்ளை என்றாலும் இரண்டு பிள்ளைக்குத் தாய், மாதா கோயிலுக்குப் பக்கத்து வீடு, வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறவள். கடைசியாக நான். வால்வு திறக்கிறவன்.

மலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. பெரிய ஆட்களுக்கு நாற்காலி இல்லை. குட்டி நாற்காலிகளில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தோம்.

எங்கள் தேயிலைத் தோட்டம் எல்கடுவ பக்கம். மேலே ஓர் ஊற்று, அதற்குக் கீழே டேங்கி, டேங்கியிலிருந்து நாலு லயத்துக்கு, அதாவது நாலு வரிசை வீடுகளுக்கு, நாலு வால்வு. மழைக் காலத்தில் நாலும் திறந்து கிடக்கும். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு லயம். எந்த நாள் எந்த லயம் என்று முன்பு வாயால் சொல்வார்கள். சண்டை வந்தது. பிறகு இந்தப் பிள்ளை அதற்கு ஒரு வெப் பக்கம் செய்து தந்தாள். காலையில் போனில் பார்ப்பேன். ஒன்று என்று இருந்தால் ஒன்றைத் திறப்பேன். வேறு யோசனை எனக்கு இல்லை.

இரண்டு கிழமையாக நான்காம் லயத்து முறை வரவில்லை. அவர்கள் நாளில் நான் பார்க்கும்போது வெப் பக்கத்தில் இரண்டு என்று இருந்தது. இரண்டைத் திறந்தேன். என் வீடு இரண்டாம் லயம்.

"அண்ணே நல்ல மனுசன்தான்," என்றாள் அந்தத் தங்கச்சி. "ஆனா தண்ணி மட்டும் அண்ணன் வீட்டு வழி தெரிஞ்சு போகுதே."

தலைவர் அவளை அடக்கினார். அவள் அடங்கவில்லை. போன் இவர் கையில், வால்வும் இவர் கையில், நாங்கள் ஓடைப் பீலியில் போய்க் குடத்தோடு வரிசையில் நிற்கிறோம் என்றாள். பொய்யில்லை. அவர்கள் வரிசையில் நின்றதை நானும் பார்த்தேன்.

வால்வுச் சாவியை மேசையில் வைத்தேன். யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்றேன். அந்த வேலைக்குக் கிடைப்பது பெரிய காசு இல்லை. ஆனால் தண்ணி திருடினவன் என்று பேர் விழுந்தால், தோட்டத்தில் அந்தப் பேரோடுதான் சாக வேண்டும். செத்த வீட்டுக்கு வருகிறவனும் அதைத்தான் பேசுவான்.

அப்போது அந்தப் பிள்ளை பேசினாள். வால்வு மாமாதான் முறையை மாற்றினார் என்று சொல்ல முடியாது, மாற்றவில்லை என்றும் சொல்ல முடியாது என்றாள். அந்தப் பக்கத்துக்கு ஆள் தெரியாதாம். வந்தது யார் என்று அது கேட்காது. லிங்க் தோட்டத்தில் எல்லார் போனிலும் இருக்கிறது. யார் தொட்டாலும் மாறும். சீக்கிரம் வேண்டும் என்று நீங்கள் சொன்னதால் லொகின் வைக்காமல் செய்துவிட்டேன் என்றாள்.

அதை வைக்க எத்தனை மாதம் ஆகும் என்று தலைவர் கேட்டார்.

"டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வச்சுரலாம் மாமா. கோட் ஜெனரேட்டர் இருக்கு."

தலைவர் மேலே எரிந்த பல்பைப் பார்த்தார். "கரண்டு இருக்கே புள்ள. ஜெனரேட்டர் எதுக்கு?"

எங்களுக்குத் தெரிந்த ஜெனரேட்டர் ஃபெக்டரியில் இருப்பது. அதைப் போட்டால் முதலாம் லயத்துத் தகரம் எல்லாம் ஆடும். செயலாளர் அக்கா சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. டீசல் யார் கணக்கில் என்று கேட்டார்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். இது கரண்டு தருவதில்லை, கோட் எழுதித் தருவது. உள்ளே வருகிறவன் யார் என்று கேட்கிற வேலை எல்லா வெப் பக்கத்துக்கும் ஒன்றுதான். அதை யாரோ நன்றாக ஒருமுறை எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு எப்படி வேண்டும் என்று சொன்னால், எங்கள் பக்கத்துக்கு ஏற்ற மாதிரி அது எழுதிவிடும்.

லெப்டொப் திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து ஒரு வரி அடித்தாள். அது கேள்வி கேட்டது.

யட்டவத்தையில் ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் நானா ஒருவர் இருக்கிறார். பைப் வேண்டும் என்று போனால் எடுத்துத் தர மாட்டார். என்ன அளவு, எத்தனை முழங்கை வளைவு, மண்ணுக்கு அடியிலா மேலா, எல்லாம் கேட்டுவிட்டுத்தான் ஏணியில் ஏறுவார். அது அப்படிக் கேட்டது. இங்கிலீசில் கேட்டதை அவள் தமிழில் சொன்னாள்.

எதை வைத்து ஆளை அடையாளம் பிடிப்பது, ஈமெயிலா? ஈமெயில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. போன் நம்பர் என்று போட்டாள். பாஸ்வேர்ட் மறந்து போனவனுக்கு வழி வேண்டுமா? வேண்டும் வேண்டும் என்று தலைவர் அவசரமாகச் சொன்னார். அடுத்தது, யார் வேண்டுமானாலும் தானாகப் பதிந்துகொள்ளலாமா?

நாலு லயமும் நம்ம சனம்தானே, எல்லாரும் வரட்டும் என்றார் தலைவர்.

நான் பேசுவதாக இல்லை. பேச்சு வந்துவிட்டது. "எல்லாருக்கும் சாவி குடுத்தா, பூட்டு எதுக்கு தலைவரே?"

தங்கச்சி திரும்பி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல். இல்லை என்று போட்டாள் பிள்ளை.

பிறகு வரிகள் ஓடின. பச்சை எழுத்து, ஒன்றின் கீழ் ஒன்று. பாதியில் நின்றது. சிக்னல் இல்லை. அவளுடைய போனைச் செயலாளர் அக்கா வாங்கி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தார். மறுபடி ஓடியது. அவர் கை வலிக்கும் முன்னே நின்றுவிட்டது. முடிந்தது என்றாள்.

நான் மலையில் பைப் போட்டவன். ஒரு பொருள் ஆவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று என் கைக்குத் தெரியும். குழி வெட்ட வேண்டும், சேர்க்க வேண்டும், ஒழுகும், மறுபடி தோண்ட வேண்டும். இங்கே எங்களுக்கு ஊற்றிய டீயில் இன்னும் ஆவி போகவில்லை. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். உள்ளே வரும் பக்கம். வெளியே போகும் பக்கம். மறந்தவனுக்கு வழி. திரும்பத் திரும்பப் பிழையாக அடிக்கிறவனைக் கொஞ்ச நேரம் காக்க வைக்கும் இடம்.

காக்க வைக்கச் சொல்லி எழுதியது யார் என்று கேட்டேன்.

"தெரியாது மாமா. எங்கயோ யாரோ. நெறைய பேரு."

எனக்கு வாய் மூடவில்லை. எங்கள் மலையைக் காணாத ஆட்கள். இங்கே ஒருவன் மறப்பான், ஒருவன் பிழை விடுவான், ஒருவன் அடுத்தவன் சாவியைத் திருடப் பார்ப்பான் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எங்களைத் தெரியாமலே எங்களுக்குச் செய்திருக்கிறார்கள்.

அது எழுதியதை அவள் அப்படியே விடவுமில்லை. வரி வரியாக வாசித்தாள். சிலதைக் கையால் மாற்றினாள். ஓர் இடத்தில் லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு எதையோ அடித்தாள். இது பூட்டுக்கே சாவி, இந்த ஒரு வரியை யாரும் பார்க்கக் கூடாது, நீங்களும்தான் என்றாள். நாங்கள் சுவரைப் பார்த்தோம்.

முறையை மாற்றக் கூடியவர்கள் யார் என்று அடுத்த பேச்சு. தலைவர், செயலாளர் அக்கா. மூன்றாவதாக நான்காம் லயத்துத் தங்கச்சியையும் போடுங்கள் என்றாள் பிள்ளை. தங்கச்சிக்கு அது எதிர்பாராதது. சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

தலைவர்தான் முதலில் பாஸ்வேர்ட் போட்டார். ஒரு விரலால் அடிப்பவர். டீ, எச், ஏ என்று ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தார். தண்ணி என்று அடிக்கிறார் என்று காம்பரா முழுக்கத் தெரிந்துவிட்டது. எட்டு எழுத்தாவது வேண்டும் என்று பக்கம் மறுத்தது. ரெண்டு தரம் போடுங்க என்றார் அக்கா. தண்ணி தண்ணி என்று போட்டார். அதையும் சத்தமாக.

"மாமா, பாஸ்வேர்ட வாயால சொல்லக் கூடாது."

"நான் எங்க சொன்னேன்? வாசிச்சேன்."

அக்கா சத்தமில்லாமல் அடித்தார். பிறகு பிள்ளை ஒரு பட்டியலைத் திறந்து காட்டினாள். தலைவர் பேருக்கு நேரே ஒரு நீள வரி. எழுத்தும் எண்ணும் புள்ளியும் கோடும், ஒன்றும் விளங்கவில்லை.

"இதுல தண்ணி எங்க?" என்றார் தலைவர்.

இதுதான் அது என்றாள். ஆனால் திருப்பி எடுக்க ஏலாது. நீங்கள் என்ன போட்டீர்கள் என்று என்னாலும் பார்க்க ஏலாது என்றாள். செய்தவளுக்கே தெரியாதா என்று தலைவர் நம்பவில்லை.

அப்போது அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வேறு சொல் அவசரத்துக்கு வரவில்லையாம். தலைவர் சொன்னதையே அவரும் போட்டிருக்கிறார்.

எல்லாரும் குனிந்து பார்த்தோம். அக்காவின் வரி கீழே இருந்தது. நான் விரல் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம் ஒரே மாதிரி. அது பூட்டின் வகையைச் சொல்வதாம். அதற்குப் பிறகு ஒன்றுமே ஒத்துப்போகவில்லை. ஒரே சொல். இரண்டு வரி.

"சொல்லப் பூட்டுறப்ப அதோட ஆளுக்காள் வேற வேற உப்பு போடுது," என்றாள் பிள்ளை. "வெளையாட்டுக்குச் சொல்லல. அதுக்குப் பேரே உப்புதான்."

தங்கச்சி கடவுளே என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு பிள்ளை இரண்டு பேரையும் சொல்லை மாற்றச் சொன்னாள். இந்த முறை தலைவர் மூலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தார். தங்கச்சியும் தன்னுடையதைப் போட்டாள்.

வால்வு மாமாவுக்கும் ஒரு சாவி போடவா என்று பிள்ளை கேட்டாள். போடத்தானே வேண்டும், வால்வு திறக்கிற ஆள் என்றார் தலைவர். தங்கச்சி வாய் திறக்கவில்லை. திறக்காததே எனக்குக் கேட்டது.

"எனக்கு பார்க்க மட்டும் போதும்," என்றேன்.

பிள்ளையின் விரல் நின்றது. "அப்படியும் ஒரு வகை இருக்கு மாமா."

மறுபடி கறுப்பு ஜன்னல், ஒரு வரி, இரண்டு கேள்வி. பச்சை எழுத்து ஓடியது. என்னைப் போல ஒருவன் இப்படிக் கேட்பான் என்று அதையும் யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள்.

என் போனில் நம்பரைப் போட்டேன். ஒரு சொல் போட்டேன். மேலே என் பேர் வந்தது. கீழே லயங்களின் முறை. மாற்றுகிற பட்டன் இல்லை. மற்ற மூன்று பேர் போனிலும் அது இருந்தது.

பின்வழியாகப் போனால் என்று கேட்டாள் தங்கச்சி. நல்ல கேள்வி என்றாள் பிள்ளை. என் போனை வாங்கி, மாற்றும் பக்கத்தின் முகவரியை நேரடியாக அடித்துத் திறந்தாள். வெள்ளைப் பக்கம் வந்தது. அனுமதி இல்லை என்று ஒரு வரி. அதற்கு மேல் 403 என்று பெரிதாக.

"நாநூத்தி மூணாம் வீடா?" என்றார் தலைவர். "நம்ம தோட்டத்துல அத்தன வீடு இல்லையே."

"யாருன்னு தெரியும், ஆனா ஏலாதுன்னு அர்த்தம் மாமா."

போனை வாங்கி நானும் அழுத்தினேன். அதேதான். இன்னொரு தரம். அதேதான். ஒஃபிஸ் ஜன்னலில், ஆஸ்பத்திரியில், எத்தனையோ இடத்தில் ஏலாது என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் என் பேரைக் கேட்டதில்லை. இது என் பேரை மேலே போட்டுவிட்டு ஏலாது என்றது. எனக்கு அது போதுமாக இருந்தது.

தங்கச்சி என் கையிலிருந்து போனை வாங்கினாள். அவளும் அழுத்திப் பார்த்தாள். திருப்பித் தந்தாள். மேசையில் கிடந்த வால்வுச் சாவியை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"நாளைக்கு நாலு, அண்ணே."

"பக்கத்துல நாலுன்னு இருந்தா நாலு," என்றேன்.

முன்பு மாற்றியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பழைய பக்கம் யார் பேரையும் வைத்திருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்தைத் திறந்தேன். நாலு. கீழே சின்ன எழுத்தில், அதைப் போட்ட செயலாளர் அக்காவின் பேர். மேலே ஏறிப் போய் வால்வைத் திறந்தேன். பைப்பில் முதலில் காத்து இரைந்தது, பிறகு தண்ணி. வழக்கமாக நேரே வீட்டுக்குத்தான் போவேன். அன்றைக்கு நான்காம் லயத்து வாசல்கள் வழியாக இறங்கினேன். குழாய்க்குக் கீழே வாளி வைத்திருந்தார்கள். யாரும் என்னை நிறுத்தவில்லை. அந்தத் தங்கச்சி வாளியைப் பார்த்துக்கொண்டே, டீ குடிக்கிறீங்களா அண்ணே என்றாள். பிறகு என்றேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் நடந்து, தண்ணி ஓடிய குழாய்களை எண்ணினேன்.

பதினாறு. வீட்டுக்கு ஒன்று.