மைக்செட் பொன்னுத்துரை பதவியேற்ற கதை

பர்மாவில், யாங்கோன் நகரத்துத் தாகேதாவில், எங்கள் வட்டாரத்தில் பொன்னுத்துரையைத் தெரியாதவர்கள் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் தீமிதி, பர்மியர் வீட்டுப் பிள்ளைகளின் துறவுச் சடங்கு, சாவு, எதுவானாலும் நாற்காலியும் மைக்செட்டும் அவரிடமிருந்துதான் வரும். பாட்டனார் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அப்பா நகராட்சியில் குழாய் வேலை பார்த்தவர். பொன்னுத்துரை இரண்டிலும் சேராமல், பழைய ஸ்பீக்கர் ஒன்றை லத்தா கடைத்தெருவில் வாங்கிவந்து பழுதுபார்த்துத் தொழிலை ஆரம்பித்தார். ஊருக்கெல்லாம் மைக் கொடுத்தாரே தவிர, அதில் ஒரு வார்த்தை அவர் பேசி யாரும் கேட்டதில்லை. மைக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குக்கூட விரலால் தட்டுவாரே ஒழிய, "ஹலோ" சொல்ல மாட்டார்.

எங்களில் பலருக்குப் போல அவருக்கும் இரண்டு பெயர். வீட்டில் பொன்னுத்துரை. அடையாள அட்டையில் பர்மியப் பெயர், ஊ மிய தின்.

ராணுவம் ஆட்சிக்கு வந்த பிறகு எல்லோரையும் போல அவரும் மாறிப்போனார். யார் தலான் என்று தெரியாத காலம். தலான் என்றால் காட்டிக்கொடுப்பவன். பக்கத்து வீட்டுக்காரன் எதற்காகச் சிரிக்கிறான், தெரு முனையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவன் யாரைப் பார்க்கிறான், புதிதாக வந்த காய்கறிக்காரி ஏன் இவ்வளவு விசாரிக்கிறாள் என்று எல்லாவற்றையும் யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பொன்னுத்துரை சந்தேகப்படாத ஆட்கள் மொத்தம் மூன்றே பேர்தான். மனைவி ரேவதி, மகன் சிவா, டீக்கடை பீர் முகைதீன்.

மூன்று வருஷம் கழித்துக் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்தது. வயதுவந்த பையன்களின் பெயரை எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பெயர் வந்தவன் போக வேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் பகுதியின் நூறுவீட்டுத் தலைவர், அதாவது நூறு வீட்டுக்கு ஒருவராக ஆபீஸ் வைக்கிற ஆள், ஒரு காலை வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார். வேறு யாரும் அந்தப் பதவிக்கு வரச் சம்மதிக்கவில்லை. வந்தால் பையன்களின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும், ஜனங்களுக்கு விரோதி. சில இடங்களில் அப்படிப்பட்டவர்களைச் சுட்டுப்போட்டும் இருந்தார்கள்.

வார்டு ஆபீசிலிருந்து குமாஸ்தா போன் செய்தான். மறுநாள் காலையில் புதுத் தலைவர்களுக்குப் பதவிப் பிரமாணம், இரண்டு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் வேண்டும், கொஞ்சம் நாற்காலியும் கொண்டுவாருங்கள் என்றான். இப்படிப்பட்ட அழைப்பை மறுக்க முடியாது. காலையில் கிளம்பும்போது ரேவதி வெள்ளைச் சட்டையும் தைப்பொன் என்கிற மேல்கோட்டும் இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். மைக் கட்டப் போகிறவனுக்குக் கோட்டு எதற்கு என்று கேட்டார். பெரிய அதிகாரிகள் வருகிற இடம், அழுக்குச் சட்டையோடு போய் நிற்காதீர்கள் என்றாள். அதுவும் சரிதான் என்று போட்டுக்கொண்டு போனார்.

கூடத்தில் மேடை, பேனர், பூச்சாடி எல்லாம் தயார். வாசலில் துப்பாக்கியோடு நான்கு பேர். பதவியேற்க வந்தவர்கள் தலையில் பட்டுக் கௌம்பௌங் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கல்யாண மாப்பிள்ளைகள் வைத்துக்கொள்கிற அதே தலைப்பாகைதான். ஆனால் ஒருவர் முகத்திலும் மாப்பிள்ளைக் களை இல்லை. பொன்னுத்துரை மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒயர் பக்கத்தில் போய் ஒதுங்கி நின்றார்.

பெயர் வாசித்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து மேடை ஏறினார்கள். கடைசியில் "ஊ மிய தின்" என்றார்கள். யாரும் எழவில்லை. இந்தப் பெயரில் யாங்கோனில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்பதால் பொன்னுத்துரையும் மற்றவர்களைப் போல அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தார். குமாஸ்தா பக்கத்தில் வந்து தோளைத் தொட்டான்.

"ஊலே, உங்களைத்தான்" என்றான் பர்மியில், மாமாவைக் கூப்பிடுகிற மாதிரி.

எதற்கு என்று கேட்க வாய் திறந்தவர், வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். புகைப்படக்காரன் கேமராவை இவர் பக்கம் திருப்பியிருந்தான். யாரோ பின்னாலிருந்து ஒரு கௌம்பௌங்கைத் தலையில் மாட்டினார்கள். வேறு யாரோ கட்டிக் கழற்றியது. அந்த ஆளின் தலையெண்ணெய் வாடை அடித்தது. கையை உயர்த்தச் சொன்னார்கள், உயர்த்தினார். சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், சொன்னார். நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன், கடமையில் ஓரவஞ்சனை செய்ய மாட்டேன் என்று அவருடைய குரல் அவருடைய ஸ்பீக்கரிலேயே கூடம் முழுக்கக் கேட்டது. இத்தனை வருஷத் தொழிலில் தன் குரலை அதில் அவர் கேட்டது அன்றைக்குத்தான். யாரோ திருடிக்கொண்டு போன பொருளைச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது என்று பிறகு ஒருமுறை சொன்னார்.

சாயங்காலத்துக்குள் படம் எல்லார் போனிலும் வந்துவிட்டது. வெள்ளைச் சட்டை, கோட்டு, தலைப்பாகை, உயர்த்திய கை. கூப்பிட்டார்கள், வேறு வழியில்லாமல் போய் நின்றார் என்று அந்தப் படத்தைப் பார்த்த யாராவது நம்புவார்களா? ஆசைப்பட்டுத் தயாராகிப் போனவர் மாதிரிதான் இருந்தது.

மறுநாள் பீர் முகைதீன் கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. இரண்டு பேர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார்கள். அதுவரை "தொரையண்ணே" என்று கூப்பிட்டவர்கள் "ஊ மிய தின்" என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த மரியாதைதான் அவரை அதிகம் உறுத்தியது. ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் மைக்செட்டை வேறு ஆளிடம் எடுத்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவன் எதிர்ப்புறம் நின்று வீட்டைப் பார்த்துவிட்டுப் போனான். அதிலிருந்து பொன்னுத்துரை சன்னல் பக்கம் உட்காருவதை விட்டார். தினம் ஒரு வழியாக வீட்டுக்கு வந்தார்.

தன் பெயரைக் கொடுத்தது யார்? அதே யோசனையாக இருந்தார். சந்தேகம் சுற்றிச் சுற்றி பீர் முகைதீன் மேலேயே வந்து நின்றது. வார்டு ஆபீஸ்காரர்கள் டீ குடிப்பது அவர் கடையில். அவருக்கும் வயதுவந்த பையன் இருக்கிறான், அஷ்ஃபாக். தனக்கு வேண்டிய ஆள் தலைவர் பதவிக்கு வந்தால் பையனுக்கு நல்லது என்று கணக்குப் போட்டிருக்கலாம். இருபது வருஷப் பழக்கம் இந்த ஒரு நினைப்பில் கசந்துபோனது.

ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேவிட்டார். பீர் முகைதீன் கோபப்படவில்லை. கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நான் உங்களப் பத்தி அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன், தொரை. நீங்களே போய்க் கேட்டு வாங்கிட்டீங்கன்னு" என்றார்.

"நானா?"

"ஒங்க வூட்டுலருந்து ஆபீசுக்குப் போனத நான் கண்ணால பாத்தேன். நீங்க அனுப்பித்தான் போறாங்கன்னு நெனச்சேன். இப்ப நீங்க கேக்குறதப் பாத்தா, வூட்டுல போய்க் கேளுங்க."

பொன்னுத்துரை வீட்டுக்குப் போனார். ரேவதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டதும் மறைக்கவில்லை. குமாஸ்தாவிடம் போய்ப் பேசியதும் பெயரைக் கொடுத்ததும் தான்தான் என்றாள். தலைவர் வீட்டுப் பிள்ளையின் பெயர் டப்பாவுக்குள் போகாது என்று அவன் சொல்லியிருக்கிறான். சிவாவுக்கு இருபத்து நான்கு வயது. லத்தாவில் போன் கடையில் வேலை. பஸ்ஸில் போய்த் திரும்புகிற வரைக்கும் தினமும் தன் உயிர் தன்னிடம் இல்லை என்றாள். சொல்லியிருந்தால் நீங்கள் போயிருப்பீர்களா என்று கேட்டாள். போயிருக்க மாட்டார்.

வாசற்படியில் போய் உட்கார்ந்தார். ஊரில் ஒவ்வொரு ஆளாக நினைத்துச் சந்தேகப்பட்டவர், நினைத்தே பார்க்காத இடம் அடுப்படி. கோட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தது இப்போதுதான் அவருக்கு விளங்கியது.

குலுக்கலுக்கு நாள் வந்தது. தலைவர் என்ற முறையில் பெயர்களை எழுதி, மடித்து, டப்பாவில் போட வேண்டியது அவர் பொறுப்பு. சிவாவை விட்டுவிடலாம் என்று குமாஸ்தா முன்கூட்டியே சொல்லிவிட்டான். பொன்னுத்துரை தலையாட்டினார். ஆனால் நேரே பீர் முகைதீன் கடைக்குப் போனார்.

"நாளைக்கி நீங்க வந்து என் பக்கத்துல நில்லுங்க. சிவா பேர நான் எழுதுறேன். மடிச்சு டப்பாவுல போடுறது உங்க கை."

பீர் முகைதீன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். இதில் என்ன சூது என்று தேடுகிற பார்வை. கடைசியில் வருகிறேன் என்றார்.

அப்படியே நடந்தது. காலையில் வார்டு ஆபீசில் பெயர்களை எழுதும்போது பீர் முகைதீன் பக்கத்தில் நின்றார். சிவாவின் பெயர் எழுதிய தாளை வாங்கிப் படித்து, மடித்து, தன் கையாலேயே போட்டார். குமாஸ்தா முகம் சுண்டியது. குலுக்கல் மத்தியானத்துக்கு மேல்தான். அதுவரை டப்பா ஆபீஸ் அறையில் இருந்தது. அறையைப் பூட்டிச் சாவியைக் குமாஸ்தா வைத்துக்கொண்டான்.

மத்தியானம் ஜனங்கள் முற்றத்தில் கூடினார்கள். தாய்மார்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டவுன்ஷிப்பிலிருந்து வந்த அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, பொன்னுத்துரை மைக்கில் வாசித்தார். முதல் பெயர் தையற்காரர் வீட்டுப் பிள்ளை. இரண்டாவது பெயரைப் பிரித்தவர் வாசிக்கவில்லை. அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

"அஷ்ஃபாக்" என்று வாசித்தார்.

அன்றைக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டு பேர்தான். சிவாவின் பெயர் வரவில்லை. கூட்டம் கலைந்தபோது ஒருவரும் பொன்னுத்துரையைத் திட்டவில்லை. தலைவர் மகன் பெயர் எப்படி வரும் என்பது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் பீர் முகைதீன் பின்னாலேயே ஓடினார்.

"நீங்களே போட்டீங்க. உங்க கையால போட்டீங்க" என்றார்.

பீர் முகைதீன் நின்றார். "போட்டத நான் பாத்தேன், தொரை. நடுவுல எடுத்தாங்களா இல்லையான்னு நான் பாக்கல. நீங்க பாத்தீங்களா?"

பொன்னுத்துரையும் பார்க்கவில்லை. மூடிய அறைக்குள் டப்பா இருந்த அந்த நேரத்தில் ரேவதி வீட்டில் இருந்தாளா, ஆபீசுக்குப் போனாளா என்பதும் அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டார். அன்றைக்கு வாசலைத் தாண்டவில்லை என்றாள். அம்மன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்வாயா என்று கேட்டார்.

ரேவதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள். "சத்தியமா? நீங்க அன்னைக்கி கையத் தூக்கிப் பண்ணீங்களே, அந்த மாதிரியா?"

அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பெயர் அதிர்ஷ்டத்தால் வராமல் போனதா, யாராவது எடுத்ததால் வராமல் போனதா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் இருந்தால் அது குமாஸ்தா. அவனிடம் கேட்டால் கிடைக்கிற பதிலை நம்ப முடியாது.

அஷ்ஃபாக் ஆஜராக வேண்டிய நாளுக்கு முன்பே காணாமல் போனான். அவனோடு சிவாவும் போனான். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மியாவதி வழியாக எல்லையைத் தாண்டித் தாய்லாந்துப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு தகவல் வந்தது. பெயர் வராத நீ ஏன் போகிறாய் என்று சிவாவை ஒருவரும் கேட்கவில்லை. லத்தா கடையில் கூட வேலை செய்தவர்கள் அவன் வரும்போது பேச்சை மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்று மட்டும் ரேவதிக்குத் தெரியும்.

ஆபீசில் விசாரித்தார்கள். மகனுக்கு மௌல்மேனில் வேலை கிடைத்திருக்கிறது என்றார் பொன்னுத்துரை. அஷ்ஃபாக்கைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார். அவர்கள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நாளில் பதவி வேறொருவருக்குப் போனது. இனி வர வேண்டாம் என்று போனில் சொன்னார்கள், அவ்வளவுதான். ஜனங்களுக்கு வேண்டாதவர், ஆபீசுக்கும் வேண்டாதவர் ஆனார். மைக்செட் அவ்வப்போது வெளியே போகிறது. தொலைவில் மிங்கலாடோன் பக்கம், அவரை அறியாத ஆட்கள் கூப்பிடுகிறார்கள்.

பீர் முகைதீன் கடையில் அவருக்கு இப்போதும் டீ கிடைக்கும். கேட்டால் கொடுப்பார், கிளாஸை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். இருவரின் பிள்ளைகளும் ஒரே அறையில்தான் தங்கியிருக்கிறார்கள். எது கேள்விப்பட்டாலும் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை.

போன மாதம் சிவா போன் செய்தான். ரேவதி பேசி முடித்துப் போனை அவரிடம் கொடுத்தாள். மீன் பதப்படுத்துகிற இடத்தில் வேலை, கை எப்போதும் ஈரம், அஷ்ஃபாக்குக்குக் காய்ச்சல் வந்து தேறிவிட்டது என்றான். பிறகு கேட்டான்.

"அப்பா, அன்னைக்கி டப்பாவுல என் பேர் இருந்துச்சா? அஷ்ஃபாக் கேக்கச் சொன்னான்."

பொன்னுத்துரை ரேவதியைப் பார்த்தார். அவள் கதவுப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"நான் எழுதிக் குடுத்தேன். அவங்க வாப்பாதான் போட்டாரு" என்றார்.

மறுமுனையில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அஷ்ஃபாக்காகத்தான் இருக்க வேண்டும், பக்கத்தில் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டான். சிவா போனைக் கையால் மூடிக்கொண்டு அவனுக்கு என்னவோ சொன்னான். என்ன சொன்னான் என்பது இவருக்குக் கேட்கவில்லை.

"சரிப்பா. உடம்பப் பாத்துக்கங்க" என்றான்.