பஸ்ஸில் பக்கத்து சீட்

முதல்முறை விளையாடிப் பார்த்த அன்று, மதுக்கரையில் நண்பன் வீட்டு மாடியில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். கதையை எழுதிய நான், அதைச் செல்போனில் ஓடவைத்த அவன். அவன் தங்கை காலேஜுக்குப் போயிருந்தாள்.

அது, படிப்பவரே முடிவெடுத்து நகர்த்தும் கதை. காணாமல்போன அண்ணனைத் தேடி வால்பாறைக்குப் பஸ் ஏறுவது விளையாடுபவர்தான். ஆணா பெண்ணா என்று முதலிலேயே கேட்போம். பெண் என்றால் எல்லாரும் ‘அம்மணி’ என்பார்கள். மற்றதில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் நியாயம் என்று நினைத்திருந்தோம். கதையை வெளியிட ஒரு கம்பெனி பாதிப் பணத்தை முன்பணமாகத் தந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுதினால் காசு வரும் என்பதை அம்மா அப்போதுதான் நம்பத் தொடங்கியிருந்தார்.

சாயங்காலம் தங்கை வந்து, பெண்ணாக விளையாடினாள். பக்கத்து சீட்டுப் பெரியவர், அண்ணன் இறங்கிய இடத்தைச் சொல்லும் கட்டத்தில் நிறுத்திச் சிரித்தாள்.

“ஏனுங்கண்ணா, அந்தாள எப்படிங்க எம் பக்கத்துல உக்கார உட்டீங்க? கண்டக்டர் எந்திரிக்கச் சொல்லிருப்பாருங்களே. ரெண்டு பேரும் பஸ்ஸே ஏறுனதில்லீங்களா?”

தினமும் பார்ப்பதுதான். தனியாக வரும் பெண்ணின் பக்கத்தில் ஒரு பெண்ணைத்தான் மாற்றி உட்காரவைப்பார்கள். பெரியவர் எழுந்துபோனால் துப்பும் போய்விடும். கதை அங்கேயே நின்றுவிடும்.

கம்பெனி வைத்த கெடு நெருங்கியிருந்தது. பெண் என்ற தேர்வையே எடுத்துவிடலாம் என்றான் நண்பன். “ஆம்பள கதைன்னே குடுத்துபோட்டுக் காச வாங்கலாம்டா.”

“அப்ப நான் ஏறுன பஸ்ஸு?” என்றாள் தங்கை.

எடுக்கக்கூடாது என்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன். வால்பாறையில் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவன். அதே பஸ்ஸில் பெண்கள் சீட்டில் அம்மா மடியில் போனவன். பெண்ணாக ஏறினால், பெரியவரை எழுப்பிவிட்டு, கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாளை உட்காரவைத்தேன். யாரைப் பார்க்கப் போகிறாய், துணைக்கு யாரும் வரவில்லையா என்று அவர் முதலில் கேட்பார். பொய் சொன்னால் வாயே திறக்கமாட்டார். அண்ணன் எங்கே இறங்கினான் என்பது பெரியவருக்குத் தெரியும். ஏன் இறங்கினான் என்பது இவருக்குத் தெரியும். அதனால் அதன்பின் வரும் டீக்கடை, லாட்ஜ், எஸ்டேட் ஆபீஸ் எல்லாமே பெண்ணுக்கு வேறாயின. ஆணுக்குச் சாவியை எடுத்து நீட்டும் லாட்ஜ்காரர் அவளுக்கு ரூம் இல்லை என்பார். நண்பன் முனகிக்கொண்டேதான் அத்தனையையும் கோத்தான்.

கெடு தாண்டியது. கம்பெனி விலகிக்கொண்டு முன்பணத்தைத் திருப்பிக் கேட்டது. அம்மாவிடம் சொன்னேன்.

“காசு போனாப் போகுது கண்ணு. கத முடிஞ்சுதா?”

முடிந்தது. நாங்களே வெளியிட்டோம். தங்கைதான் முதல் ஆளாக, பெண்ணாகவே விளையாடிக் கதையின் கடைசிவரை போனாள். நாங்கள் திருப்பிக் கொடுத்தது இருபதாயிரம், வராமல்போனது இருபதாயிரம். ஆக அந்த ஒரு சீட்டுக்கு நாற்பதாயிரம் ரூபாய்.